வென்டிலேட்டர் ஒன்று, ஆள் இரண்டு: யாருக்கு என்று யார் முடிவு செய்வது?

கூவக்கரை:

கொரோனா இரண்டாம் அலையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் "நல்லவேளை, இத்தாலி மாதிரி இவருக்கு வென்டிலேட்டர், அவருக்கு இல்லை என்று ஆள் பொறுக்கும் நிலைமை நமக்கு வரவில்லை" என்று சொல்லிவிடுகிறார். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நாமும் பொறுக்கினோம். அதை ஐசியு வாசலில் டாக்டர் செய்யவில்லை, அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். 2021 மே மாதம் சென்னையில் பெரிய அரசு மருத்துவமனைகளின் வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்பதற்கு என்ன விதி இருந்தது? சீக்கிரம் வந்தவர். அல்லது உள்ளே ஆள் தெரிந்தவர். கட்சிக்காரர் ஒருவரின் நம்பர் செல்போனில் இருந்ததா இல்லையா என்பதுகூட ஒரு மருத்துவ அளவுகோல் மாதிரி வேலை செய்தது.

ரெம்டெசிவிர் என்ற கொரோனா ஊசி மருந்தின் கதை இன்னும் மோசம். ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் அரசே நியாய விலைக்கு விற்க ஆரம்பித்தது, 6 குப்பி சுமார் 9,400 ரூபாய். நல்ல எண்ணம்தான், கள்ளச் சந்தையை ஒழிக்க வேண்டும் என்று செய்தது. ஆனால் மருந்து யாருக்குப் போனது? ராத்திரி முழுக்க வெயிட் பண்ண ஒரு மகனோ மருமகனோ இருந்த நோயாளிக்கு. கையில் பணம் இருந்தவருக்கு. கூட்டம் தாங்காமல் நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள், அங்கும் தாங்கவில்லை, கடைசியில் மே நடுவில் விற்பனையையே நிறுத்திவிட்டு மருத்துவமனைகள் ஆன்லைனில் கேட்டால் நேராக அவர்களுக்கே கொடுப்பது என்று வந்தது. அதை முதல் நாளே செய்திருக்கலாம். இத்தனைக்கும் உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே இந்த மருந்தை உள்நோயாளிகளுக்குப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டது, அது வேறு விஷயம்.

நான் சொல்ல வருவது இதுதான். "முதலில் வருபவருக்கு முதலில்" என்பது நடுநிலையான விதி இல்லை, அது பக்கத்தில் வீடும் வண்டியும் ஆளும் உள்ளவருக்கு ஆதரவான விதி. பற்றாக்குறை வந்த பிறகு விதி யோசிக்க முடியாது. முன்கூட்டியே எழுதி, எல்லோரும் படிக்கிற மாதிரி வெளியிட்டு வைக்க வேண்டும். நியூயார்க் மாநிலம் 2015லேயே, கொரோனாவுக்கு ஐந்து வருஷம் முன்னால், வென்டிலேட்டர் பங்கீட்டுக்கு ஒரு பெரிய அறிக்கை போட்டது. அதில் முக்கியமான விஷயம், படுக்கை அருகே நின்று வைத்தியம் பார்க்கிற டாக்டர் முடிவு எடுக்கக் கூடாது, தனியாக ஓர் அதிகாரியோ குழுவோ எடுக்க வேண்டும் என்பது. நம் ஊரில் அப்படி எதையாவது எழுதிவைத்திருக்கிறோமா? அடுத்தது வரும்போதும் போன் போட்டுத்தான் படுக்கை வாங்கப் போகிறோமா?

மயக்க மருந்து:

நான் மயக்கவியல் டாக்டர், அந்த மே மாதம் முழுக்க ஐசியுவில்தான் இருந்தேன், எந்த ஊர் என்ன ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்.

நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி, ஆனால் வென்டிலேட்டரில் ஆரம்பித்தால் விவாதம் தப்பான இடத்தில் போய் நிற்கும். இரண்டாம் அலையில் எங்களை நெருக்கியது வென்டிலேட்டர் மெஷின் இல்லை. சில இடங்களில் புது மெஷின் அட்டைப்பெட்டியோடு கிடந்தது, ஓட்ட ஆள் இல்லை. குறைந்தது ஆக்சிஜன். இதில் பொதுமக்களுக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் தள்ளும் ஹைஃப்ளோ என்று ஒரு கருவி. நிமிஷத்துக்கு 40 முதல் 60 லிட்டர் வரை இழுக்கும். பை வைத்த மாஸ்க் என்றால் 15 லிட்டரில் முடியும். ஜம்போ சிலிண்டர் என்று நாங்கள் சொல்லும் டி டைப்பில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். ஒருத்தருக்கு ஹைஃப்ளோ 60ல் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் சிலிண்டர் காலி. அதே சிலிண்டரில் மாஸ்க் வைத்தால் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் ஓடும். அதாவது ஒரு நோயாளிக்கு ஹைஃப்ளோ போடுவது என்று நான் முடிவு செய்தால் இன்னும் மூன்று பேருடைய ஆக்சிஜனையும் அவருக்கே கொடுக்கிறேன் என்று அர்த்தம். இதை எந்தக் குழுவும் எனக்குச் சொல்லித்தரவில்லை, கேஸ் ஷீட்டில் "ஹெச்எஃப்என்சி (ஹைஃப்ளோதான்) தொடங்கப்பட்டது" என்று ஒரு வரி, அவ்வளவுதான். அது பங்கீட்டு முடிவு என்பதே யாருக்கும் தோன்றாது.

தமிழ்நாட்டுக்கு மத்திய அரசு ஒதுக்கியது நாளொன்றுக்கு 220 டன் ஆக்சிஜன். மே மாதம் அதை 419 டன் ஆக்கினார்கள். இடைப்பட்ட நாட்களில் ராத்திரி இரண்டு மணிக்கு டேங்கர் எங்கே வருகிறது என்று கேட்டுக்கொண்டே எந்த வார்டில் ஃப்ளோவைக் குறைக்கலாம் என்று பார்த்தோம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 92ல் இருப்பவருக்குக் குறைத்தால் 90 வரும், தாங்குவார். 86ல் இருப்பவர் தாங்க மாட்டார். இதுவும் பொறுக்குவதுதான்.

செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் மே 4 ராத்திரி 13 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தது என்று புகார் வந்தது, தட்டுப்பாடே இல்லை என்றது நிர்வாகம். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்த மறுநாள் எல்லா ஊர் ஐசியுவிலும் குழாய் அழுத்தத்தைப் பார்க்கவென்றே ஓர் ஆளை நிறுத்தினார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பம்ப்செட்:

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டாம் சார். 75 வயசு ஆள் ஒருத்தர், 32 வயசு அம்மா ஒருத்தி, இரண்டு சின்னப் பிள்ளைகள். இருப்பது ஒரு மெஷின். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடமே கேட்டுப்பாருங்கள், "அந்தப் பிள்ளைக்குக் கொடு, நான் பார்க்காததையா பார்க்கப் போகிறேன்" என்பார்கள். வயசை வைத்துப் பார்ப்பது பாவம் என்று படித்தவர்கள்தான் பேசுகிறீர்கள்.

கூவக்கரை:

அண்ணே, அந்தப் பெரியவர் தானாகச் சொன்னால் அது அவர் பெருந்தன்மை. அவர் சார்பில் நாம் சொன்னால் அது வேறு. அப்புறம், 75க்கும் 32க்கும் நடுவில் கேட்டால் எல்லோருக்கும் பதில் தெரியும். 58க்கும் 52க்கும் நடுவில் கேளுங்கள். நிஜத்தில் வருவது அதுதான்.

இத்தாலியில் 2020 மார்ச் 6ஆம் தேதி மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் வெளியிட்ட பரிந்துரையில், நிலைமை கைமீறினால் ஐசியுவுக்கு வயது வரம்பு வைக்க வேண்டி வரலாம் என்று வெளிப்படையாகவே இருந்தது. பெரிய கூச்சல் கிளம்பியது. எனக்கு அந்த வரம்பு பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதி வெளியிட்டார்களே, அந்த நேர்மையை மதிக்கிறேன். எழுதினால்தான் சண்டை போட முடியும்.

லூயிஷம் வாசி:

லண்டனிலிருந்து. எழுதினால்தான் சண்டை போட முடியும் என்பதற்கு இங்கே நடந்ததே உதாரணம். நைஸ் என்ற அமைப்பு (அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டு நெறி எழுதுகிறவர்கள்) 2020 மார்ச் 20ஆம் தேதி ஒரு வழிகாட்டி போட்டது. நோயாளி அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு தளர்ந்திருக்கிறார் என்று 1 முதல் 9 வரை மதிப்பெண் போட்டு, 5 அல்லது அதற்கு மேல் வந்தால் தீவிர சிகிச்சை தேவையா என்று யோசிக்கச் சொன்னது. அது வயதானவர்களின் தளர்ச்சிக்காக உருவாக்கிய அளவுகோல். குளிக்க, உடுத்த உதவி தேவையென்றால் மதிப்பெண் ஏறும். ஆட்டிசம் உள்ள இருபத்தைந்து வயதுப் பையன் நல்ல ஆரோக்கியமாக இருந்தாலும் அவனுக்கும் ஏறும். குடும்பங்களும் மாற்றுத்திறனாளி அமைப்புகளும் கோர்ட்டுக்குப் போவோம் என்றதும் ஐந்தே நாளில், மார்ச் 25ஆம் தேதி, இளையவர்களுக்கும் கற்றல் குறைபாடு, ஆட்டிசம், நிலையான உடல் குறைபாடு உள்ளவர்களுக்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று திருத்திவிட்டார்கள்.

ஐந்து நாளில் திருத்த முடிந்ததற்குக் காரணம் அது இணையத்தில் எல்லோர் கண்ணிலும் கிடந்தது. டாக்டர் மனசுக்குள் இருந்திருந்தால் யார் திருத்துவது?

செவ்வாய்-வெள்ளி:

என் கணவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது, என் பெயரைப் பார்த்தாலே எந்தெந்தக் கிழமை என்று தெரியும். ஆகவே நான் இந்தப் பட்டியல்களை எல்லாம் எங்கள் வீட்டுக் கண்ணால்தான் படிப்பேன்.

நியூயார்க் முறையில் பெரியவர்களுக்குள் வயதைப் பார்ப்பதில்லை, சோஃபா என்று ஒரு மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். நுரையீரல், ரத்த உறைவு, கல்லீரல், ரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம், ஆறுக்கும் தலா 4, மொத்தம் 24. கூடினால் பிழைக்கும் வாய்ப்பு குறைவு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் சிறுநீரகத்துக்கு அவர்கள் பார்ப்பது கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்ற அளவு. 5க்கு மேல் போனால் முழு 4. என் கணவருக்கு டயாலிசிஸ் முந்தின நாள் 8 காட்டும், அவர் அன்றைக்குக் கடைக்குப் போய் மீன் வாங்கி வருவார். கொரோனா அவரைத் தொடுவதற்கு முன்னாலேயே நான்கு மதிப்பெண் பின்தங்கித்தான் வரிசையில் நிற்பார். மெஷின் போட்ட கணக்கு என்பதால் பாரபட்சம் இல்லை என்று யாரும் சொல்லாதீர்கள்.

டயாலிசிஸ் மெஷினே ஒரு காலத்தில் இப்படிப் பங்கு போட்டுக் கொடுக்கப்பட்டதுதான். அமெரிக்காவில் சியாட்டிலில் 1960களின் தொடக்கத்தில் மெஷின் கொஞ்சம், நோயாளி நிறைய. டாக்டர்கள் பொறுக்க மனம் வராமல் ஊர்க்காரர்கள் ஏழு பேரைக் கொண்ட குழுவிடம் கொடுத்தார்கள். வக்கீல், பாதிரியார், பேங்க்காரர், குடும்பத்தலைவி என்று கலந்து. அவர்கள் எதைப் பார்த்தார்கள் தெரியுமா? கல்யாணம் ஆனவரா, வேலை என்ன, சர்ச்சுக்குப் போகிறாரா, சம்பாத்தியம் எவ்வளவு. 1962ல் லைஃப் பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்ததும் நாடே அதிர்ந்தது. பத்து வருஷம் கழித்து 1972ல் அமெரிக்க அரசு கிட்டத்தட்ட எல்லோருடைய டயாலிசிஸ் செலவையும் ஏற்றுக்கொள்ளச் சட்டம் போட்டது. குழு போட்டால் சரியாகிவிடும் என்கிறீர்களே கூவக்கரை, அந்தக் குழுவில் யார் உட்காருவார்கள், எதைப் பார்ப்பார்கள் என்று முதலில் சொல்லுங்கள். நம் ஊரில் ஏழு பேர் உட்கார்ந்தால் கேட்கிற முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும்.

கூவக்கரை:

அக்கா, இது பலமான கேள்வி. குழுவுக்கு "நல்லவர் யார், உபயோகமானவர் யார்" என்று பார்க்கிற அதிகாரமே இருக்கக் கூடாது என்பதுதான் என் பதில். பெயர், சாதி, தொழில், வசதி எதுவும் அவர்கள் கைக்கு வரக் கூடாது. நோய் நிலவரம் மட்டும் வர வேண்டும். கிரியேட்டினின் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், ஏற்கெனவே டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுக் கூட்ட வேண்டும்.

இரண்டு பேர் சமமாக வந்தால் குலுக்கல். சிரிக்காதீர்கள். நியூயார்க் அறிக்கையிலேயே சமநிலைக்குக் குலுக்கல்தான். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனைகள் 2020ல் ரெம்டெசிவிரையே குலுக்கிக் கொடுத்தன, அதிலும் ஏழைப் பகுதிகளிலிருந்து வருபவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு வைத்து. கீழ்ப்பாக்கம் வரிசையை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

வார்டு நம்பர் 9:

நான் ஸ்டாஃப் நர்ஸ். எண் வைத்து முடிவு செய்வது பற்றிப் பேசுவதால் ஒன்று. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 94க்குக் கீழே வந்தால் இப்படி, 90க்குக் கீழே வந்தால் ஆக்சிஜன் படுக்கை என்று பிரித்தோம் இல்லையா. அந்தக் கருவி கறுப்புத் தோலில் அதிகமாகக் காட்டும். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் ரத்தத்தில் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவர்களில் 11.7 சதவீதம். நம் வார்டில் எல்லா நிறமும் வருகிறார்கள். வெயிலில் வேலை செய்கிற ஆள் 93 காட்டினால் நான் எண்ணோடு சேர்த்து மூச்சு எண்ணிக்கையையும் பார்ப்பேன், ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடிகிறதா என்று பார்ப்பேன். கம்ப்யூட்டரில் பதிவு செய்கிற தம்பிக்கு 93 மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று. எல்லோரும் இருப்பதைப் பிரிப்பது பற்றியே பேசுகிறீர்கள். 1952ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது பிளெக்டம் மருத்துவமனையில் இருந்தது ஓர் இரும்பு நுரையீரல் (ஆளை உள்ளே படுக்கவைத்து மூச்சு விடவைக்கும் பெட்டி), அதே வேலைக்கு நெஞ்சில் கட்டும் கருவி ஆறு. முதல் மூன்று வாரத்தில் மூச்சு முடங்கிய 31 பேரில் 27 பேர் போய்விட்டார்கள். அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் டாக்டர் தொண்டையில் துளை போட்டு, ரப்பர் பையைக் கையால் அமுக்கியே மூச்சு கொடுக்கலாம் என்று பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்திக்குச் செய்து காட்டினார். அதற்கப்புறம் சுமார் 1,500 மாணவர்கள் முறை போட்டு மாதக்கணக்கில் பையை அமுக்கினார்கள். யாருக்கு மெஷின் என்ற கேள்வியே மாறிப்போனது. 2021ல் எங்களுக்கும் கை இருந்திருந்தால் டாக்டர் சொன்ன அந்த அட்டைப்பெட்டி மெஷின்கள் ஓடியிருக்கும். ஐசியுவில் ஒரு நர்ஸுக்கு ஒன்று அல்லது இரண்டு நோயாளி என்பது கணக்கு. நான் எத்தனை பேரைப் பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

இரண்டாம் வாய்தா:

யாரும் தொடாத ஒரு முள்ளைத் தொடுகிறேன். வாசலில் இரண்டு பேர், மெஷின் ஒன்று என்பது சுலபமான கேள்வி. கஷ்டமான கேள்வி, ஏற்கெனவே ஒருத்தர் மெஷினில் பத்து நாளாக இருக்கிறார், தேறவில்லை, வெளியே தேறக்கூடிய ஒருத்தர் வந்து நிற்கிறார். எடுத்து மாற்றலாமா? நியூயார்க் அறிக்கை 48 மணி நேரத்திலும் 120 மணி நேரத்திலும் மறுபரிசீலனை செய்து, தேறாவிட்டால் எடுக்கலாம் என்கிறது. நம் நாட்டில் அப்படிச் செய்தால் டாக்டரைக் காப்பாற்ற எந்தச் சட்டமும் இல்லை. உயிர்காக்கும் கருவியை அகற்றுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் காமன் காஸ் வழக்கில் சொன்னதும், 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியதும், மீள வழியில்லாத நோயாளியின் நலனுக்காக, இரண்டு மருத்துவக் குழு பார்த்து, குடும்பத்தின் சம்மதத்தோடு. பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தேவை என்பதற்காக அல்ல.

ஜெர்மனியில் எதிர்த்திசை. 2021 டிசம்பரில் அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றம், பங்கீட்டில் மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கப்படாமல் பாதுகாக்கச் சட்டம் போடுங்கள் என்று நாடாளுமன்றத்துக்கு உத்தரவிட்டது. 2022ல் வந்த சட்டம், ஒருத்தருக்குக் கொடுத்த கருவியை இன்னொருத்தருக்காகப் பறிக்கவே கூடாது என்றது. டாக்டர்கள் வழக்குப் போட்டார்கள், 2025ல் அதே நீதிமன்றம், இது மாநிலங்களின் அதிகாரம், மத்தியச் சட்டம் செல்லாது என்று தள்ளிவிட்டது. பாருங்கள், அவ்வளவு ஒழுங்கான நாட்டிலேயே இன்னும் முடிச்சு அவிழவில்லை.

மயக்க மருந்து:

பறிக்கக் கூடாது என்று சட்டம் போட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன் வக்கீல் சார். சந்தேகமான நோயாளிக்கு மெஷினே போட மாட்டார்கள். போட்டால் எடுக்க முடியாது என்று தெரிந்தால் போடவே கை வராது. இரண்டு நாள் முயன்று பார்க்கலாம், தேறாவிட்டால் மறுபடி பேசலாம் என்று குடும்பத்திடம் முதலிலேயே சொல்ல வழி இருந்தால் இன்னும் நிறைய பேருக்கு வாய்ப்பு கொடுப்போம். அதனால் மறுபரிசீலனைத் தேதி வேண்டும் என்பது என் கட்சி.

தாமிரபரணி 12632:

நம்மிடமே ஒரு மாதிரி இருக்கிறதே, ஏன் யாரும் சொல்லவில்லை? உறுப்பு தானம். தமிழ்நாட்டில் 2008லிருந்து மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பட்டியல்படி கொடுக்கிறோம். கிட்னி யாருக்கு என்பதை அந்த ஆஸ்பத்திரி டாக்டர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்வதில்லை, ரத்தப் பிரிவு, காத்திருப்பு வரிசை என்று விதி இருக்கிறது, அதற்கென்று டிரான்ஸ்டான் என்ற ஆணையம் இருக்கிறது. புகாரே வரவில்லை என்று சொல்லவில்லை. வெளிநாட்டு நோயாளிகளுக்கு இதயம் போகிறது என்று 2018ல் பெரிய சர்ச்சை வந்தது. ஆனால் விதி எழுத்தில் இருந்ததால்தான் மீறப்பட்டதா என்று கேட்கவே முடிந்தது. 2021ல் சென்னையில் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் கட்டளை மையம் போட்டு 104 மூலமாகப் படுக்கை ஒதுக்கினார்களே, அதையும் இதையும் சேர்த்தால் பாதி வேலை முடிந்தது.

மயக்க மருந்து:

உறுப்புக்கு மணிக்கணக்கில் அவகாசம் உண்டு, எனக்கு நிமிஷக் கணக்கு. ஆனாலும் மாவட்டத்துக்கு ஒரு குழு, இருபத்துநாலு மணி நேரமும் போனில் கிடைக்கிற மாதிரி இருந்தால் ஓட்டலாம். ஐசியு டாக்டர் ஒருத்தர், ஆனால் அந்த நோயாளியைப் பார்க்காதவர். நிர்வாகத்திலிருந்து ஒருத்தர். நோய் விவரம் பெயரில்லாமல் வர வேண்டும். முடிவும் காரணமும் அன்றைக்கே குடும்பத்துக்கு வாயால் சொல்லப்பட வேண்டும், அதைச் சொல்ல வேண்டியது அந்தக் குழு, வார்டில் நிற்கிற ஹவுஸ் சர்ஜன் பையன் இல்லை. ஆக்சிஜன் பற்றாக்குறை என்று அறிவித்தால் ஹைஃப்ளோ எத்தனை பேருக்கு என்பதையும் இந்தக் குழுதான் சொல்ல வேண்டும்.

பம்ப்செட்:

எல்லாம் சரி டாக்டர். எழுதி ஒட்டிவிட்டால் மட்டும் மந்திரி ஆபீஸிலிருந்து போன் வராதா?

மயக்க மருந்து:

வரும். ஆனால் "என் கையில் இல்லை சார், குழுவிடம் கேளுங்கள், நோய் விவரம் மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வைக்கலாம். 2021ல் அப்படிச் சொல்ல எனக்கு ஒரு காகிதம்கூட இல்லை.

செவ்வாய்-வெள்ளி:

அந்தக் குழுவில் நோயாளி தரப்பிலிருந்து ஒருத்தர் இருக்க வேண்டும். வருஷக்கணக்கில் மெஷினை நம்பி வாழ்கிற குடும்பத்திலிருந்து. மதிப்பெண் அட்டையை எழுதும்போதே உட்கார வேண்டும், எழுதி முடித்த பிறகு கையெழுத்து வாங்க அல்ல.

வார்டு நம்பர் 9:

நர்ஸும் ஒருத்தர். ராத்திரி ஷிஃப்டிலிருந்து.